புது நிரல் வேண்டாம், இருப்பதைப் பராமரியுங்கள்: மறையூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

மறையூரில் வெல்லம் விற்கிறோம். ஊர் இடுக்கி மாவட்டம், வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ். 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு எங்கோ காய்ச்சியதை உருட்டி வைத்து மறையூர் வெல்லம் என்று விற்பவர்கள் உண்டு என்பதால், நேராக எங்களிடமே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பெரிய சந்தைத் தளங்களுக்குக் கமிஷன் கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். மாத வாடகைக்குக் கிடைக்கும் கடைத் தளங்களில், வாடகை நின்றால் கடையும் நின்றுவிடும். சரி, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளிலேயே கடைத் தளம் போடுவோம் என்று இறங்கினோம்.

உங்கள் மேல் நம்பிக்கை வரக் காரணம் இருந்தது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே வந்திருந்தார். இங்கே அரசுப் பள்ளியில் பிள்ளைகள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில்தான் கணினி படிக்கிறார்கள். எங்கள் கடைத் தளத்தை நிறுவிக் கொடுத்தவள் அப்படிப் படித்த என் அண்ணன் மகள்.

மூல மென்பொருளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதோடு சேர்க்க வேண்டிய ப்ளகின்களில்தான், அதாவது வரி, பில் போன்ற வேலைகளுக்கான துணை நிரல்களில்தான், உயிர் போகிறது. அது எந்த ப்ளகின், யார் எழுதியது என்று இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல மனதோடு எழுதிக் கொடுத்தவரைச் சந்தியில் நிறுத்துவதற்காக இந்த மடல் இல்லை.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கடையில் அள்ளிக் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். மலை இறங்கினால் உடுமலை, ஆனால் வரிக்கு அது வெளி மாநிலம். அங்கே அனுப்பினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி. காசர்கோடு கேரளத்தின் அந்தக் கோடி, ஆனால் உள் மாநிலம்; அந்த 5 சதவீதம் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரிய வேண்டும். நாங்கள் போட்ட ப்ளகின் பின்கோடின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து மாநிலத்தைத் தீர்மானிக்கிறது. 67 என்றால் கேரளா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாஹியின் பின்கோடு 673 என்று தொடங்குகிறது, ஆனால் மாஹி புதுச்சேரியைச் சேர்ந்தது. புதுச்சேரி நகரத்தின் 605 தமிழ்நாட்டு வரிசையில் வருகிறது. மாஹிக்குப் போன பில்கள் தப்பான வரியோடு போய், கணக்குப் பார்ப்பவர் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட பின்கோடுகளின் பட்டியலைச் சேர்த்தால் தீர்ந்துவிடும், பத்து வரி வேலைகூட இருக்காது. திருத்தம் ஒன்றை யாரோ எழுதியும் அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சேர்க்கத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பில்லைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். பிடிஎஃபில் தமிழ் வராது. வந்தால் 'வெல்லம்' என்பதில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மலையாளக் கூட்டெழுத்தும் உடைகிறது. திரையில் இரண்டும் சரியாகவே தெரிகின்றன. பிடிஎஃப் ஆக்கும் நிரல்தொகுப்புக்கு நம் எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆங்கிலத்திலேயே பில் போடுகிறோம். மொழிக்காக இத்தனை மாநாடு நடத்தும் ஊரில் இது யார் கண்ணிலும் படாமல் போனது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்புறம் பணம். வாடிக்கையாளர் யுபிஐயில் கட்டிவிடுகிறார், அவர் கணக்கிலிருந்து தொகை போய்விடுகிறது. 'பணம் வந்தது' என்று கட்டணச் சேவையிலிருந்து எங்கள் தளத்துக்கு வர வேண்டிய தகவல் நடுவில் தவறிவிடுகிறது. ஆர்டர் நிலுவையிலேயே இருந்து, சரக்கை ஒதுக்கி வைக்கும் கெடு முடிந்ததும் தானாக ரத்தாகிறது. வாங்கியவர் எங்களைத் திருடன் என்று நினைக்கிறார், நியாயம்தான். மழைக்காலத்தில் இங்கே டவர் படுத்துவிடும். அந்த நேரத்தில் ஓணத்துக்கு வெல்லம் கேட்டவருக்கு போனில் சமாதானம் சொல்லக்கூட முடியாது.

தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரரைக் கேட்டால் ப்ளகின் மேல் பழி போடுகிறார், ப்ளகின்காரர் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' பக்கம் கை காட்டுகிறார், தீம் எழுதியவர் தளம் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்புதான் காரணம் என்கிறார். கடைசியில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று: மூலநிரல் திறந்தே இருக்கிறது, நீங்களே திருத்திக்கொள்ளலாம். காலையில் ஆலைக்குப் போய்ப் பாகு பதம் பார்த்து, மதியம் பொட்டலம் கட்டி, சாயங்காலம் தபாலாபீஸ் வரிசையில் நிற்பவனிடம் இதைச் சொல்லலாமா?

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியில், திருட்டுத்தனமாக சர்வருக்குள் நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று அகப்பட்டது. சம்பளமில்லாமல் அதைப் பல ஆண்டு பராமரித்துக் களைத்திருந்தவருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் நுழைந்து அதை வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. உலகமே பயன்படுத்தும் கருவிக்கே அந்தக் கதி என்றால், எங்கள் பில் ப்ளகினை எழுதிய பையன் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டுப் போனதற்கு அவனைக் கோபிக்க முடியுமா?

அதனால்தான் கேட்கிறேன். ஹேக்கத்தான் என்று நிரல் எழுதும் போட்டி வைக்கும்போது புதிதாக ஒன்று செய்தவருக்கே பரிசு என்று வைக்காதீர்கள். புதுக் குளம் வெட்டியவருக்கு மாலை, தூர் வாரியவருக்கு ஒன்றுமில்லை என்றால் யார் வாருவார்கள்? கைவிடப்பட்ட ப்ளகின்களில் இந்தியக் கடைக்குக் கட்டாயம் தேவைப்படுகிற சிலவற்றைத் தத்தெடுங்கள்: ஜிஎஸ்டி, யுபிஐ, தபால் கட்டணம், நம் எழுத்தில் பில். அரசு நிதி வாங்கும் அமைப்புகள் அதில் ஒரு பங்கைப் பராமரிப்பவர் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஆண்டுச் சந்தா கொடுப்போம். இலவசமாகத் தரச் சொல்லவில்லை. போன் செய்தால் எடுக்க ஒருவர் வேண்டும். பெரிய மாற்றம் எதுவானாலும் ஓணம், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் வெளியிடாதீர்கள்.

சோதித்துப் பார்க்க எங்கள் கடைத் தளத்தின் நகல் ஒன்றை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, உங்களுக்குத் தரத் தயார். மாஹி பில்களும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
மறையூர் வெல்லக் கடைக்காரர் ஒருவர்