பின்கட்டு பாயின்ட்

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

தீபாவளிக்கு வந்தபோது பின்கட்டில் தண்ணீர் மோட்டார் பாயின்ட்டில் ராத்திரி முழுக்க உன் எலக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போட்டாய் அல்லவா? நீங்கள் கிளம்பிய மறுநாள் பார்த்தால் சாக்கெட் பழுப்பேறி, ஒரு ஓட்டை உருகி நீண்டிருந்தது. கருகல் வாடை வேறு. முப்பத்திரண்டு வருஷம் வயர்மேனாக இருந்தவன் தன் கையால் போட்ட பாயின்ட்! வெட்கத்தில் பத்து நாளைப் போக்கிவிட்டேன், அதுதான் பெரிய தப்பு. உடனே கீழே போய் உன் சார்ஜர் பிளக்கின் பின்களைப் பார். கறுத்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காதே, மாற்றிவிடு. பணம் நான் தருகிறேன்.

வண்டி மேல் குற்றமில்லை. தண்ணீர் மோட்டார் இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும். வண்டியோ கிட்டத்தட்ட 15 ஆம்பியரை ஆறேழு மணி நேரம் ஓயாமல் இழுக்கிறது. சாக்கெட்டுக்குள் பிடி தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தால் போதும், அந்த இடத்தில் 22 வாட் சூடு. ஈயம் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதை பிளாஸ்டிக் பெட்டிக்குள் விடியவிடியச் செருகி வைத்த கதை. எம்.சி.பி. சுவிட்ச் ஏன் தானாக விழவில்லை என்று மாப்பிள்ளை கேட்பார். கரன்ட் கூடினால்தானே அது விழும்? இங்கே கூடவே இல்லையே.

உன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்திருக்கிறார்களா என்று பார். 4 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., கரன்ட் கசிந்தால் அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை அணைத்துவிடு.

எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் விளக்கு போட்டுக் காட்டும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே சேர்த்துக் கட்டி விளக்கை ஏமாற்றிவிடுவார்கள். இதைச் செய்தவனை நான் நேரில் திட்டியிருக்கிறேன். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் உன் வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும்?

சரி, பேட்டரி. 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்வது என்.எம்.சி. எனும் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகைக்குப் பொருந்தும். உங்களுடையது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதில் பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மீதி எவ்வளவு என்ற கணக்கு வண்டிக்கே குழம்பிவிடும். அவ்வப்போது வீட்டு சார்ஜரில் நிதானமாக 100 வரை விட்டால் கணக்கு நேராகும், செல்களும் ஒரே மட்டத்துக்கு வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும், படி. ஒரு மாதம் வெளியூர் போனால் பாதி சார்ஜில் விட்டுப் போ. ஐந்து சதவீதத்தில் கிடக்கவிடாதே.

நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரைத் தினமும் நம்பாதே, லித்தியத்துக்குச் சூடுதான் எதிரி. 80-க்கு மேல் அது எப்படியும் மெதுவாகிவிடும், நின்றுகொண்டிருப்பது வீண். பின்னால் காத்திருப்பவன் வாயிலும் விழ வேண்டாம்.

அப்புறம், நீ இருப்பது வேளச்சேரி. 2024 அக்டோபரில் மழை என்றதுமே ஜனங்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேட்டரி பெட்டிக்குத் தண்ணீர் புகாத தரம் ஐ.பி. 67 என்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு, அதுவும் சோதனைக்கூடத்து நல்ல தண்ணீரில். 2023 மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கில் சாக்கடைத் தண்ணீர் நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. வண்டி மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதே, சார்ஜும் போடாதே. கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளிக்கு இழுத்துப் போகச் சொல். உள்ளே புகுந்த ஈரம் சில நாள் கழித்துக்கூடத் தீயாகலாம்.

அடியில் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் உனக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் அங்கே வேலை இல்லை. அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. கரன்ட். வீட்டுக்கு வரும் ஏ.சி. கரன்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு வரும், பொறி அணைய அதில் ஒரு இடைவெளி உண்டு. டி.சி.யில் அது கிடையாது. மின்கம்பத்தில் வருஷக்கணக்கில் ஏறியவன், நானே அதைத் தொட மாட்டேன்.

பொங்கலுக்கு வா. பின்கட்டில் தனி லைன் இழுத்து, புதிதாக எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடியாயிற்று. தோண்டும்போது கொய்யா மரத்தின் வேர் ஒன்று போய்விட்டது. அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை.

அன்புடன்,
அப்பா