முதலில் கூலண்ட், அப்புறம் குதிரைத்திறன்

லாண்ட்ஸ்ஹூட், ஜெர்மனி

அன்புள்ள சுந்தர்,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறுதலானது. அடுத்த தடவை போன் பேசும்போது அவர்களிடமும் கொடு, குரல் கேட்டு ரொம்ப நாளாகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நான் இந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மல்லிகா இன்னும் பள்ளிக்கூடத்தை விட மனமில்லாமல் போய் வருகிறாள். பெரியவன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். அழகான வண்டி, சத்தமே இல்லை, ஓட்டவும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் என் பழைய பி.எம்.டபிள்யூ 530ஐ-யின் சாவியைத்தான் கேட்கிறான்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். 2002 மாடல் பி.எம்.டபிள்யூ 525ஐ, மேனுவல் கியர், நீல நிறம். டொராண்டோ மாதிரி ஊரில் இந்த வயதில் இப்படி ஒன்று உன் கைக்கு வந்தது பெரிய விஷயம். ஈ39 என்று நம்மைப் போன்றவர்கள் சொல்லும் அந்தத் தலைமுறை 5 சீரிஸ், 1995-இல் வெளிவந்து 2003 வரை செடானாக இங்கே பக்கத்து ஊரான டிங்கோல்ஃபிங்கில் உருவானது. உன்னுடையதும் இந்த இசார் ஆற்றுக்கரையிலிருந்து கப்பலேறியதுதான். அந்தத் தொழிற்சாலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இனி உன் ஞாபகமும் வரும்.

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். 19 அங்குல ரிம், உயரத்தைத் திருகி இறக்கும் சஸ்பென்ஷன், புது சைலன்சர், எஞ்சினின் சக்தியைக் கூட்ட அதன் கம்ப்யூட்டருக்கு ஒரு சிப். சுந்தர், அந்தப் பட்டியலை உடனே செய்ய வேண்டாம். பழைய ஜெர்மன் செடானுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அப்கிரேடு, அது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான். ரோட்டில் போகும் பழைய ஈ39-களில் பெரும்பாலானவை தங்கள் முழுத் திறமையில் ஓடுவதில்லை. அதனால் அந்த வண்டி உண்மையில் எப்படிப்பட்டது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல் போகிறது. தெரிந்துகொண்ட பிறகு மாற்று. அப்போது எதை மாற்ற வேண்டும் என்பது உனக்கே வேறு மாதிரி தெரியும்.

முதல் செலவு கூலிங் சிஸ்டத்துக்கு. இதில் பேரம் பேசாதே. ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிகள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை நிரப்பும் டப்பா, சூட்டைப் பார்த்து அந்தத் திரவத்துக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடி எல்லாம் பிளாஸ்டிக். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, இத்தனை வருடத்தில் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். உன்னுடைய எம்54 எஞ்சினின் தெர்மோஸ்டாட் சாதாரண ஓட்டத்தில் 97 டிகிரியில்தான் திறக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே எஞ்சினைச் சூடாக ஓட வைத்தார்கள், அந்தச் சூட்டின் விலையை இந்த பிளாஸ்டிக்தான் கொடுக்கிறது. எஞ்சினின் பிளாக்கும் அலுமினியம், அதன் மேல் மூடியிருக்கும் ஹெட்டும் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைவது ஒரு பக்கம்; ஹெட் போல்ட் பிடித்திருக்கும் மரையே பிளாக்கிலிருந்து பிய்ந்துவிடும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்.

டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள்ளை நம்பாதே. அது ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படிதான் புரோகிராம் செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று செய்த ஏற்பாடு. முள் அசையும்போது நிலைமை கைமீறியிருக்கும். ஆனால் உண்மையான வெப்பநிலையைப் பார்க்க வழி இருக்கிறது. மீட்டரில் ஒளிந்திருக்கும் சோதனை மெனுவில் ஏழாவது எண்ணுக்குப் போனால் கூலண்டின் வெப்பம் டிகிரியிலேயே வரும். மெனு பூட்டியிருந்தால், சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கூட்டிக்கொள், அந்தக் கூட்டுத்தொகைதான் அதைத் திறக்கும். புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டப்பா, ஹோஸ்கள், பெல்ட்டுகள், அவற்றின் புல்லிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடு. தனித்தனியாக மாற்றினால் பழையதில் எது மிச்சமோ அது அடுத்த மாதம் உடையும். கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிற்கும் வரை பொறுமையாக ஊற்று. வண்டியின் மூக்கு கொஞ்சம் உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

உன் ஊர்க் குளிருக்கு இன்னொன்று முக்கியம். எஞ்சினுக்குள் உண்டாகும் ஆவியை வெளியேற்றி மறுபடி எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்கு அனுப்பும் ஒரு வால்வும் குழாய்களும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டினால் அதில் ஈரமும் ஆயிலும் கலந்து மயோனைஸ் மாதிரி தேங்கும். கடுங்குளிரில் அது உறைந்து அடைத்துக்கொண்டால், ஆயிலை எஞ்சின் நேராக சிலிண்டருக்குள் இழுத்துவிடும். திரவத்தை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடே வளையும். குளிர் நாடுகளுக்கென்றே நுரைப் போர்வை சுற்றிய வால்வும் குழாய்களும் கிடைக்கின்றன. அதையே வாங்கு. டிப்ஸ்டிக் குழாயைக் கழற்றி உட்பக்கம் சுத்தம் செய்யவும் மறக்காதே, வால்விலிருந்து வழியும் ஆயில் அந்தக் குழாயின் குறுகலான இடைவெளி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. குளிர்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டு.

அப்புறம் ரப்பர். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வயதுக் கணக்குதான். முந்தைய சொந்தக்காரர் கொஞ்சமாகத்தான் ஓட்டினார் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பொறுத்தவரை அது ஒரு பொருட்டே இல்லை. நீ எழுதியிருந்தாயே, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று? டிஸ்க் வளைந்திருக்கிறது என்று உன் மெக்கானிக் சொன்னாலும், முன் சக்கரத்தை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் புஷ்ஷை முதலில் பார்க்கச் சொல். அதற்குள் திரவம் நிரம்பியிருக்கும். கிழிந்தால் கசிந்து கறை தெரியும். ஈ39-இன் முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் அலுமினியம், எடை குறைவு. அதனால்தான் அந்த நளினம். அதே காரணத்தால் சக்கரத்தின் சின்ன அதிர்வும் கைக்கு வந்துவிடும், டயர் பேலன்ஸில் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இரு. போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும். வீல் அலைன்மென்ட்டும் அப்படித்தான். சீட்டிலும் டிக்கியிலும் எடை வைத்து, டேங்கை நிரப்பி அளக்க வேண்டும் என்பதே கம்பெனி முறை. பல இடங்களில் அதைச் செய்வதில்லை. கேட்டு வாங்கு.

ஷாக் அப்சார்பரில் எனக்கும் ஆசை உண்டு, மறுக்க மாட்டேன். என் வண்டியில் பில்ஸ்டைன் பி6 போட்டிருக்கிறேன், ஸ்பிரிங் பழைய உயரத்திலேயே. இறக்கிய ஸ்பிரிங்குக்கு என்றால் உடல் குட்டையான பி8 வேண்டும், இரண்டையும் குழப்பிவிடாதே. தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கோஹெல் ஏரியிலிருந்து வால்ஹென் ஏரிக்கு ஏறும் கெஸல்பெர்க் மலைப்பாதை இருக்கிறது, வளைவுக்கு மேல் வளைவு. புது ஷாக்குகளோடு அங்கே ஏறியபோது, இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று புரிந்தது. ஸ்டீயரிங் திரும்புகிறது, மூக்கு உடனே திரும்புகிறது, பின்பக்கம் தயங்காமல் தொடர்கிறது. உன்னுடையது ஆறு சிலிண்டர் என்பது இதில் ஒரு அதிர்ஷ்டம். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுக்கு இடம் போதாமல், ஈ39-இலேயே பெரிய எஞ்சின் வண்டிகளான 540ஐ, எம்5 இரண்டிலும் பழைய பாணி ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்தார்கள். நம் வண்டிகளில் பல்சக்கரம் பல் வைத்த தண்டை நேராக நகர்த்தும் ராக் அண்ட் பினியன், ரோடு கைக்குத் தெரியும்.

பிரேக்கை மட்டும் நீ தாராளமாகப் பெரிதாக்கு. உன் 525ஐ-யின் முன் டிஸ்க் 296 மில்லிமீட்டர். 530ஐ-யின் 324 மில்லிமீட்டர் டிஸ்க்கும் காலிப்பரும் வேலைப்பாடு இல்லாமல் அப்படியே உட்காரும், எல்லாம் அந்தக் குடும்பத்துப் பாகங்களே. ரிம் வாங்குவதென்றால் 17 அங்குலத்தோடு நிறுத்து, நடு ஓட்டையை அளந்து வாங்கு. ஈ39-க்கு அது 74.1 மில்லிமீட்டர், அந்தக் காலத்து மற்ற பி.எம்.டபிள்யூ.களுக்கு 72.6. போல்ட் இடைவெளி ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்து வாங்குகிறவர்கள் நிறைய.

சிப் பற்றி: டர்போ இல்லாத எஞ்சினில் அதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம். அந்தப் பணத்தில் வேனோஸ் சீல்களை மாற்று. கேம் ஷாஃப்டை முன்பின் நகர்த்தும் அந்த யூனிட்டின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகி, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும். தரமான ரப்பரில் செய்த வளையங்கள் போட்டதும் 192 குதிரைத்திறனும் திரும்ப வந்துவிடும், நீ புதிதாக எதையும் சேர்க்கத் தேவையில்லை. கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று எழுதியிருப்பதை நம்பாதே. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. எஞ்சின் ஆயிலை நான் 10,000-க்கு ஒரு தடவை மாற்றுகிறேன், கம்பெனியின் நீண்ட இடைவெளி என் மனசுக்கு ஒப்பவில்லை.

எம்5 வாங்கியிருக்கலாமோ என்று கேட்டிருந்தாய். 400 குதிரைத்திறன், 4.9 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல் மட்டும். அதை யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் தினசரி சந்தோஷத்துக்கு நீ வாங்கியதே சரி. பாகங்கள் மலிவு, எஞ்சின் அறையில் கை நுழைய இடம் இருக்கிறது, ஐந்தாயிரம் ஆர்பிஎம்மில் அந்த ஆறு சிலிண்டர் பாடுவது வேறு எந்த எஞ்சினிலும் கேட்காத சத்தம்.

இங்கே விதிகள் கடுமை என்று உனக்குத் தெரியும். பொதுத் தெருவில் ஆயில் மாற்ற முடியாது. மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்குக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன, என் வேலை எல்லாம் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அரசு விதிப்படி சோதனை. ஸ்பிரிங் மாற்றினாலும் ரிம் மாற்றினாலும் சான்றிதழ் காட்டி, தேவையானதைப் பதிவுப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். முன்பு இது தொல்லை என்று நினைப்பேன். இப்போது இதனால்தான் ஜெர்மனியில் பழைய வண்டிகள் ஒழுங்காக இருக்கின்றன என்று தோன்றுகிறது. 30 வயது ஆன வண்டி நல்ல நிலையில், காலத்துக்குப் பொருந்திய பாகங்களோடு இருந்தால் நம்பர் பிளேட்டில் பழம்பெரும் வண்டி என்று காட்டும் எச் எழுத்து கிடைக்கும். வருட வரி 191.73 யூரோ மட்டும். 2025 கடைசியிலிருந்து முதல் ஈ39-கள் அந்த வயதைத் தொடுகின்றன. என்னுடையதற்கு 2031. அதற்காகக் கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் எழுதி ஒட்டி, நிலவறையில் வைத்திருக்கிறேன். நீயும் எதையும் தூக்கிப் போடாதே. வெட்டி, வெல்டு வைத்துச் செய்யும் மாற்றம் எதுவும் வேண்டாம், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுவதை மட்டும் செய்.

துரு பற்றிப் பயமாக இருக்கிறது. உங்கள் ஊரில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் சக்கர வளைவின் ஓரம், டிக்கியில் நம்பர் பிளேட் விளக்குக்கு மேலே, அடியில் ஓடும் பிரேக் குழாய்கள், இவற்றை நீயே விளக்கு வைத்துப் பார். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், அரித்துப் போன தகட்டை அப்படிச் செய்ய முடியாது. குளிர் தொடங்கும் முன்பே அடியில் எண்ணெய் அடித்துவிடு.

போட்டோவில் ஜாக்கி வைக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. நான்கையும் எடுத்து அனுப்பு. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளையும் எழுது, உன் வண்டிக்குரிய பாக எண்களை இங்கேயே பார்த்துக் கூலிங் சாமான்களின் பட்டியலை அனுப்புகிறேன். கோடையில் மகள் படிப்பு விஷயமாக ஆம்ஸ்டர்டாம் வருவதாகச் சொன்னாயே, அங்கிருந்து இங்கே ரயிலில் வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. கெஸல்பெர்க்கில் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். தேதி முடிவானதும் எழுது, மல்லிகா லீவு போட வேண்டும்.

அன்புடன்,
இளங்கோ