பூட்டிக் கிடக்கும் ஐ.டி.ஐ. பட்டறை நேரத்தை ஆன்லைனில் வாடகைக்கு விடுங்கள்

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கோவை கணபதியில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள், கம்பிச் சுருள் சுற்றினால் ஒரு சுற்றுகூட அதிகமாகாது, குறையாது. ஆனால் இப்போது மில்லிலிருந்து வருகிறவர்கள் பிஎல்சி (இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தெரியுமா, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பார்ப்பீர்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதனால் போன வருடம் மூத்தவனை ஒரு தனியார் ஆன்லைன் வகுப்பில் சேர்த்து, மாதத் தவணை கட்டினேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வீடியோ எல்லாம் பார்த்து முடித்தான், சான்றிதழும் வந்துவிட்டது. நிஜமான பிஎல்சியை அவன் இன்னும் தொட்டதில்லை.

காரணம் எனக்குப் புரிகிறது. வீடியோவை ஒருமுறை எடுத்தால் லட்சம் பேருக்கு விற்கலாம், இயந்திரத்தை அப்படி விற்க முடியாது. ஆனால் வெல்டிங் பழகுகிறவன் கையை எந்தச் சாய்வில் பிடிக்கிறான் என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தாமல் அந்த வேலை வராது. பாடமா குறைச்சல்? மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்திலேயே ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலைய) பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. எங்களுக்குக் கிடைக்காதது இயந்திரமும் வாத்தியாரின் கண்ணும்தான், அது இரண்டும் உங்களிடம் இருக்கிறது.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில்நுட்ப மையங்களாக மாற்ற 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டீர்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். பகல் முழுக்க அது மாணவர்களுக்கு, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். சாயங்காலம் பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த இயந்திரங்கள் யாருக்காக?

பஸ் டிக்கெட்டை ஆன்லைனில் எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள். காலி சீட்டோடு வண்டி கிளம்பிவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான், அதனால் எந்த வண்டியில் எத்தனை சீட் இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டுகிறார்கள். அதே மாதிரி எந்த ஐ.டி.ஐ.யில், எந்த இயந்திரம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் காலி என்று ஒரு பக்கத்தில் காட்டுங்கள். யுபிஐயில் பணம் கட்டி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த நேரத்துக்கு நிற்கும் ஆசிரியருக்குக் கட்டணத்திலிருந்தே ஊதியம் போகட்டும். என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் எங்கள் பையன்களுக்காகப் பத்து மணி நேரத்தை மொத்தமாக வாங்கவும் வழி இருக்கட்டும்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவருக்கு அடுத்த சீட் திறக்கவே கூடாது, காப்பீட்டையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் தேர்வு. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்தில் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், அதனால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. நீங்களும் இதற்குப் புதியவர்கள் இல்லை. ஐந்து வருட வயரிங் அனுபவம் இருக்கிறவருக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு வைக்கிறீர்கள், எங்கே கற்றாய் என்று கேட்காமல் செய்துகாட்டச் சொல்கிறீர்கள். எத்தனையோ பேர் வீட்டில் அதனால் அடுப்பு எரிகிறது. அதையே பிஎல்சிக்கும் வெல்டிங்குக்கும் சிஎன்சிக்கும் (கணினி சொல்படி உலோகம் வெட்டும் இயந்திரம்) கொண்டுவாருங்கள், தேர்வு நாளையும் அதே பக்கத்தில் பதிவு செய்யும்படி வையுங்கள், சான்றிதழ் டிஜிலாக்கரில் வரட்டும்.

எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. கோவையில் ஒரு ஐ.டி.ஐ., ஒரு பிஎல்சி மேசை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம், அவ்வளவு போதும். முதல் ஞாயிறுக்கே இரண்டு சீட் நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு பட்டறைக்காரர்