உல்லன் நூல் பொறுக்குன மைனாக்கள்

மாப்ள,

எப்டி இருக்க? தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்க புளியரைல சாரல் புடிச்சு பத்து நாளாச்சு, கோட்டவாசல் மலை கண்ணுக்கே தெரியல, ஸ்கூல் மைதானம் பூரா புல்லு மொளச்சு பச்சப்பசேல்னு கெடக்கு. அந்தப் புல்ல வச்சே அஞ்சாப்பு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்தேன், அத உன்ட்ட சொல்லியே ஆகணும்.

உல்லன் நூல விரல் நீளத்துக்கு வெட்டி செவப்பு, மஞ்ச, பிரவுன், பச்சைனு நிறத்துக்கு 25, மொத்தம் 100 துண்டு புல்லுல தூவிட்டேன். இதெல்லாம் புழு, நீங்கள்லாம் மைனா, விசில் அடிச்சதும் ஒரு நிமிஷம் பொறுக்கணும்னேன். எண்ணிப் பாத்தா செவப்பு 21 மாட்டிருச்சு, பச்சை வெறும் 5. மிஞ்சினது ஒவ்வொன்னும் ஒரு குட்டி போட்டுச்சுன்னு அதே நிறத்துல இன்னொன்னு சேத்தோம், செவப்பு 4 இருந்தது 8 ஆச்சு, பச்சை 20 இருந்தது 40 ஆயிருச்சு!

அப்ப ஒரு பிள்ள கேட்டா, "சார், ஒரு புழு கூட நிறம் மாறவே இல்லயே, ஆனா கூட்டம் மட்டும் எப்டி சார் பச்சையாச்சு?"

எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு மாப்ள. இத்தன வருஷமா "தப்பிக்கிறதுக்காக பூச்சி நிறத்த மாத்திக்கிச்சு"ன்னுதான் நானே சொல்லிக் குடுத்துருக்கேன், அது தப்பு. கண்ணுல பட்டது செத்துச்சு, படாதது குட்டி போட்டுச்சு, அவ்வளவுதான். இங்கிலாந்துல மான்செஸ்டர்ல, வெள்ளையா இருக்குற ஒரு வகை அந்துப்பூச்சில கருப்பு ஒன்ன மொதல்ல பாத்தது 1848-ல, ஆலைப்புகைல மரமெல்லாம் கருத்து, வெள்ளைப் பூச்சிய குருவி கொத்திக் கொத்தி 1895-ல அங்க நூத்துக்கு 98 கருப்பாயிருச்சு. இதச் சொன்னப்ப எவனும் முழிக்கல, கையால எண்ணிருக்கான்ல.

மறுநா ஒரு பய ஓடி வந்தான், அவங்கப்பா ஆரியங்காவு பக்கம் தோட்ட வேலைக்குப் போறவரு. கமுகு மரத்துல பறக்குற ஓணான் இருந்துச்சாம், மரப்பட்ட மாதிரியே ஒட்டிக் கெடந்துச்சாம், வெலாப்பக்கத்துத் தோல விரிச்சு அடுத்த மரத்துக்குத் தாவுனப்பதான் தெரிஞ்சுச்சாம். கிளாஸ்ல எழுந்து நின்னு பேசவே மாட்டான் அவன், அன்னைக்கு நிறுத்தவே இல்ல.

நீ உங்க ஊரு தேரிக்காட்டு செம்மண்ல இதே நூலத் தூவிப் பாரு. எனக்கென்னவோ அங்க செவப்புதான் தப்பிக்கும்னு தோணுது, எண்ணிட்டு எழுது, ரெண்டு ஊர் கணக்கையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிப் போடணும்னு பிள்ளைக காத்துக் கெடக்கு.

உன் மாப்ள