கோழிக்கூட்டுக்கு விளக்கு வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். அத்தனை கோழிகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறதே, இது என்ன பிராணி என்று அம்மாவுக்கு ஒரே ஆத்திரம். நரி அப்படித்தான். தப்ப வழியில்லாமல் சிறகடிக்கிற கோழிகளைக் கண்டால் பசிக்கு மேலும் கொல்லும். நேரம் கிடைத்தால் மிச்சத்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைக்கும். ஆகவே அது திரும்பி வரும். இந்த ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட், செப்டம்பர்தான் அது குட்டி போடும் காலம். வளையில் வாய்கள் காத்திருக்கின்றன. வேட்டை விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பலேற்றி விக்டோரியாவுக்குக் கொண்டுவந்த கனவான்களை, மீதமிருக்கிற உன் கோழிகளின் சார்பில் நானும் ஒருமுறை திட்டிக்கொள்கிறேன்.

இரவு முழுவதும் எரிகிற பெரிய வெள்ளை விளக்குகள் இரண்டு வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். மெல்பேர்னில் எங்கள் தெருவிலேயே நரி கம்பத்து விளக்கின் கீழ் சாவகாசமாக நடந்துபோகிறது. அசையாமல் நிற்கும் வெளிச்சத்தால் தனக்கு ஆபத்தில்லை என்பதை அது சில இரவுகளிலேயே கண்டுகொள்ளும். நரியைக் கலைப்பது திடீர் மாற்றம். அதனால்தான் அசைவைக் கண்டதும் எரிகிற சென்சார் விளக்கு கொஞ்சம் மேல்.

ஆனால் கடையில் கிடைக்கும் சென்சார்கள் மனிதத் திருடனை நினைத்துச் செய்தவை. வாழ்நாளெல்லாம் வயர் இழுத்தவன் சொல்கிறேன், கேள். அந்தச் சின்ன வெள்ளைக் குமிழ் எதையும் நேரடியாகப் பார்ப்பதில்லை. உடற்சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதன் பார்வைப் பரப்பின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதை மட்டுமே உணர்கிறது. எனவே நரி குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும்; நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகும். கூட்டுச் சுவரில் வெளிநோக்கி மாட்டாதே. நரி வரும் பாதைக்குப் பக்கவாட்டில், வேலித் தூணில் மாட்டு. ஆள் உயரத்துக்கு மேல் மாட்டச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருப்பார்கள். நரி நம் முழங்காலைத் தாண்டாத உயரம். சென்சாரையும் ஏறக்குறைய அந்த மட்டத்துக்கு இறக்கு. வளர்ப்புப் பிராணிகளைக் கண்டுகொள்ளாத வகை என்று போட்டிருந்தால் அதைத் தொடாதே. இருபது கிலோ நாயையே பொருட்படுத்தாத சென்சார், ஐந்தாறு கிலோ நரிக்காகக் கண் விழிக்காது. ஜனவரி வெக்கையில் காற்றின் சூடும் உடலின் சூடும் நெருங்கி வரும்போது அது இன்னும் மந்தமாகும். ஆடுகிற கிளைகளை வெட்டிவிடு, இல்லாவிட்டால் காற்றடித்தாலும் எரியும். மரமேறும் போசமும் கங்காருவும் எரிய வைப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

தாறுமாறாக மின்னுகிற விளக்குகளும் விற்கிறார்கள். கையில் டார்ச்சோடு யாரோ நடமாடுவதுபோல் காட்டுவதுதான் அவற்றின் சூத்திரம். கென்யாவில் ரிச்சர்ட் டுரேரே என்ற மாசாய் இனச் சிறுவன் இதே எண்ணத்தில் பட்டியைச் சுற்றி விளக்குகளை மாறி மாறி மின்ன வைத்துச் சிங்கங்களை விலக்கினான். அப்போது அவனுக்குப் பதினோரு வயது. வன்னியில் உன் அப்பப்பா பன்றிக்காவலுக்குப் போனால் லாந்தரைப் பரணில் தொங்கவிடமாட்டார், கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் நடந்துகொண்டே இருப்பார். சிலியின் மேட்டுநிலத்தில் லாமா, அல்பாகா மந்தைகளுக்கு இந்த விளக்கை வைத்துச் சோதித்தபோது பூமா விலகியது. அங்குள்ள ஆண்டிஸ் நரி சட்டை செய்யவில்லை. நம் செந்நரிக்கு அது தூரத்து உறவுதான். இருந்தாலும் 'பாக்ஸ்லைட்ஸ்' என்று நரியின் பெயரில் விற்கிற விளக்கு பூமாவிடம் வென்று நரியிடம் தோற்றதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கினால் ஒரே இடத்தில் விட்டுவைக்காதே. சில நாளுக்கு ஒருமுறை தூணையும் உயரத்தையும் மாற்று. ஆபத்தான மாதங்கள் போனதும் கழற்றி வை, அடுத்த வருடம் அது நரிக்குப் புதிதாக இருக்கும்.

இன்னொன்று, இதை மறக்காதே. உன் கூட்டின் தானியங்கிக் கதவு விடியல் வெளிச்சத்தை உணர்ந்து திறப்பது என்று முன்பு சொன்னாய். புது விளக்கு அதன் மேல் விழுந்தால், நள்ளிரவிலேயே விடிந்துவிட்டதென்று கதவு திறந்துகொள்ளக்கூடும். நேரம் குறித்துத் திறக்கும் முறைக்கு அதை மாற்றிவிடு. எல்லா விளக்கையும் கூட்டின் மேலும் பக்கத்துக் காணியின் மேலும் விழாதபடி திருப்பு. கோழிக்கும் இருட்டில் தூக்கம் வேண்டும், பக்கத்துக் காணிக்காரருக்கும் வேண்டும்.

அந்தக் காணிக்காரர் நரிக்கு 1080 என்ற நஞ்சு வைப்பதாகச் சொன்னால் எங்கே, எப்போது என்று கேட்டுக்கொள். நரியைவிட நாய்க்கு அது குறைந்த நஞ்சல்ல. அம்மா உன்னை நாய் வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வார்ணம்பூல் அருகே மிடில் தீவில் பென்குவின்களை நரியிடமிருந்து காக்க 2006 முதல் மரெம்மா நாய்களை விட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இந்தப் பேச்சுத்தான். நல்ல நாய்தான். ஆனால் குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர வேண்டும், ஓடித் திரிய நிலமும் வேண்டும். உன் வேலை நேரத்துக்கு அது சரிவராது.

விளக்கு கொஞ்சக் காலம் நரியைத் தயங்க வைக்கும், அவ்வளவுதான். நீ போட்டிருக்கிற அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான் உதவும். நரி அதைக் கடித்தே பிய்த்துவிடும். பற்றவைத்த கம்பிவலை போட வேண்டும். அடியில் அரை மீட்டர் அகலத்துக்கு அதே வலையை வெளிப்பக்கம் தரையோடு விரித்து முளையடிக்க வேண்டும். சுவரோரம் தோண்ட வரும் நரியின் காலுக்கு வலைதான் தட்டுப்படும். மேலேயும் மூட வேண்டும், அது நன்றாக ஏறும்.

வலைச் சுருளை இங்கேயே வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கூட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் நாடா பிடித்து அளந்து எழுது, கண்மதிப்பு வேண்டாம். அதுவரை மீதிக் கோழிகளைக் கராஜுக்குள் அடை.

அன்புடன்,
அப்பா