அந்த வீடுகளில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊர் கூபர்டினோவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கலிஃபோர்னியா அரசு ஆயிரக்கணக்கான மலிவு விலை வீடுகளை ஊரின் தலையில் கட்டுகிறது, பள்ளிகள் கெட்டுப்போகும், யார் யாரோ குடிவருவார்கள் என்று கவலைப்பட்டிருந்தார். இதே பேச்சைக் கோயிலில் பிரசாத வரிசையிலும் கேட்கிறேன், பிறந்தநாள் விருந்துகளிலும் கேட்கிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இங்கே வசிப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு வீட்டுவசதித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 1969 முதலே கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. இப்போது அதை எட்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நகராட்சியே செங்கல் அடுக்கி வீடு கட்டவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வீடுகளுக்கு உங்கள் ஊரில் இடம் எங்கே, அங்கே கட்ட உங்கள் விதிகள் விடுகின்றனவா என்றுதான் மாநிலம் கேட்கிறது. 2023 முதல் 2031 வரையான சுற்றில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுவதற்கும் 4,41,176 வீடுகள். கூபர்டினோவின் பங்கு 4,588. போன சுற்றில் 1,064 தான். அறுபதாயிரம் பேர் வாழும் ஊரில் இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது, எனக்கும்தான்.

ஆனால் அந்த 4,588-ல் 1,953 வீடுகளுக்கு வருமான வரம்பே கிடையாது. குறைந்த, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை 1,880. அந்த 'மிகக் குறைந்த' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் ஊர் அடங்கிய சாண்டா கிளாரா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் இடைநிலை வருமானம் 2024 கணக்குப்படி 1,84,300 டாலர். ஏறக்குறைய அதில் பாதிவரை சம்பாதிக்கும் குடும்பம் அந்தப் பிரிவில் வந்துவிடும். அதாவது வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலர் சம்பாதித்தாலும், நாலு பேர் குடும்பமாக இருந்தால், இங்கே மிகக் குறைந்த வருமானம்தான். நம் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளி ஆசிரியை, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் எல்லோரும் இதில் அடங்குவார்கள்.

என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணி டிரேசி என்ற தொலைதூர ஊரிலிருந்து வருகிறார். காலை நாலரைக்கே கிளம்பி, ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி, ஏழு மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார். பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் புறப்பட்டுவிட்டு, இருட்டிய பிறகு வீடு சேர்கிறார். அம்மாவைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிடும் அந்தக் கைகளுக்கு இந்த ஊரில் இடமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போக்குவரத்து நெரிசல் வரும் என்கிறார்கள். அவர் கார் இப்போதும் இதே சாலையில்தான் ஓடுகிறது, நூறு மைலுக்கு மேல் கூடுதலாக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 85-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி மேரி அவென்யூவில் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு நீளத் துண்டு நிலம் இருக்கிறது. அங்கே சுமார் 40 மலிவு வாடகை வீடுகள் கட்டுவதுதான் திட்டம். அவற்றில் கிட்டத்தட்டப் பாதி வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு. இதற்குத்தான் பார்க்கிங் போய்விடும், தெரு குறுகிவிடும் என்று அத்தனை எதிர்ப்பு. என் தோழியின் மகனுக்கு இருபத்தாறு வயது, ஆட்டிசம் உள்ளவன். நூலகத்துக்குத் தனியாகப் போய்வருவான், தோசை சுடுவான், மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வான். பக்கத்தில் கொஞ்சம் உதவி இருந்தால் தனியே வாழ அவனால் முடியும். "எங்களுக்கு அப்புறம் இவன் எங்கே போவான்?" என்று அவள் கேட்கும்போது எந்த வீட்டுத் தாயும் பதில் சொல்ல முடியாது. நம் சமூகத்தில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது அந்த வாசகருக்கும் தெரிந்திருக்கும். வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, பள்ளிகள். கூட்டம் அதிகமாகும் என்று நாம் பயந்துகொண்டிருந்த அதே காலத்தில் மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. இங்குள்ள பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டம் 2022-ல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் ஆரம்பப் பள்ளிகளை மூடிவிட்டது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களால் இங்கே வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியாதது அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊரின் பழைய வணிக வளாகமான வால்கோ மால் விஷயத்தில் என் பங்கும் உண்டு. அந்த இடத்தை என்ன செய்வது என்று 2016 நவம்பரில் இரண்டு முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்று நில உரிமையாளர் தரப்பு கொண்டுவந்தது, மற்றது அதை எதிர்த்தவர்கள் கொண்டுவந்தது. பெரிய கட்டடங்கள் வேண்டாம் என்று நானும் வாக்களித்தேன். இரண்டுமே தோற்றன. 2018-ல், வீட்டுத் திட்டங்களுக்கு விரைவாக அனுமதி தரவைக்கும் எஸ்பி 35 என்ற மாநிலச் சட்டத்தின் கீழ் 2,402 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது, அதில் பாதி மலிவு விலை வீடுகள். உடனே வழக்கு. நீதிமன்றம் 2020-ல் அனுமதி செல்லும் என்றது. ஆனால் 2024-லும் அங்கே ஒரு வீடுகூட எழும்பவில்லை. ஒவ்வொரு முறை அந்த வேலியைக் கடக்கும்போதும் என் வாக்கு நினைவுக்கு வருகிறது. அதே 2016 வாக்குச்சீட்டில், மலிவு வீடுகளுக்காக 95 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு நம் கவுண்டி மக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவு கொடுத்தார்கள். பணம் கொடுக்க மனம் வந்தது, நம் தெருவில் இடம் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

எதிர்த்துக்கொண்டே இருந்தால் மாநிலம் விட்டுவிடும் என்று நினைப்பதும் தவறு. 2023 ஜனவரி 31-க்குள் திட்டம் தயாராகியிருக்க வேண்டும். நம் ஊர் திட்டத்துக்கு மாநில ஒப்புதல் கிடைத்தது 2024 செப்டம்பரில். ஒப்புதல் இல்லாத அந்த இடைவெளியில் 'பில்டர்ஸ் ரெமெடி' என்ற விதி நடப்புக்கு வந்துவிட்டது. அப்போதைய விதிப்படி, ஐந்தில் ஒரு பங்கு வீட்டைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கினால், எங்கே என்ன கட்டலாம் என்ற ஊரின் மண்டல விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி நகராட்சியால் ஒரு கட்டுநரைத் திருப்பி அனுப்ப முடியாமல் இருந்தது. எங்கே எத்தனை மாடி என்று நாமே உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்க்கிழமைகளில் நகரக் கவுன்சில் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் சில நிமிடங்கள் பேசலாம். எதிர்ப்பவர்களால் அரங்கம் நிறைந்துவிடுகிறது; என் தோழியைப் போன்றவர்கள் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவளும் நானும் போகிறோம். கடிதம் எழுதிய அந்த வாசகரும் வரட்டும். அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி
கூபர்டினோ, கலிஃபோர்னியா