வத்தும் பெருக்கும்

திருக்கோவில்,
ஆடி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ கனடாவில் நடக்கப் போற கரையில கடல் வத்துற, பெருகிற நேரம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பின அட்டவணையைக் கடையில் குடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்து வச்சிருக்கன். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டவேணும் எண்டு நிக்கிறா. நான் இன்னும் குடுக்கல்ல. ரெண்டு நாளா அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கன். குரலில் அனுப்பினா நீ வேகத்தைக் கூட்டி வச்சுக் கேப்பாய் எண்டு தெரியும். அதனாலதான் எழுதிறன்.

எங்கட கடலில் வத்துக்கும் பெருக்குக்கும் நடுவில ஒரு முழம், மிஞ்சினா ஒண்டரை. கரைவலை வளைக்கிறவன் கூட அதைப் பெரிசாக் கணக்கெடுக்கிறல்ல. காத்தையும் நீரோட்டத்தையும்தான் பாப்பான். உன்ட தாளில் சில நாளில் கடல் மூண்டு மீற்றருக்கு மேல ஏறி இறங்குது. எங்கட முன் விறாந்தைக் கூரையை விட உயரம் அது. காலமை நீ நடந்த மணல் பின்னேரம் கடலுக்குள்ள. நாப்பது வருசம் தோணி தள்ளின எனக்கு அந்தக் கடலைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு அந்தத் தாளைப் பாத்துத்தான் விளங்கினது.

நீ போற வன்கூவர் தீவின்ட மேற்குக் கரைப் பாதையைப் பற்றித் தம்பியின்ட போனில் வாசிச்சன். பச்சீனா குடாவில் துவங்கி கோர்டன் ஆறு வரைக்கும் 75 கிலோமீற்றர். 1906 தை மாதம் வலன்சியா எண்ட கப்பல் அந்தக் கரையில் பாறையில் ஏறி, நூறு பேருக்கு மேல செத்திருக்கினம். கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்தில்தான் கப்பல் கிடந்ததாம். அதுக்குப் பிறகுதான், கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கிற ஆக்கள் ஊர் போய்ச் சேரட்டும் எண்டு, பழைய தந்திக் கம்பி போன வழியைத் துப்புரவாக்கிப் பாதை வெட்டியிருக்காங்க. கடலில் தப்பினவனுக்கு எண்டு வெட்டின பாதையில் இப்ப ஆக்கள் முன்பதிவு செய்து, காசு கட்டி நடக்கிறாங்க. எனக்கு அது கொஞ்சம் சிரிப்புத்தான். ஆனா பிழை இல்ல, நாங்களும் நேர்த்தி வச்சு நடக்கிற ஆக்கள்தானே. வழியில் சுனாமி வந்தா எங்கால ஏறிறது எண்டு பலகை நட்டிருக்குமாம். 2004க்குப் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதை ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல.

இப்ப சொல்ல வந்த விசயம். உனக்குப் பதினேழு வயசில, கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால நானும் வாறன் எண்டு கேட்டாய். நான் விடல்ல. காடு, கரடி, பொம்பிளைப் பிள்ளை எண்டு மூண்டு காரணம் சொன்னன். ஒரு கிழமை நீ என்னோட பறையவே இல்ல. அந்த வருசம் எங்கட கூட்டத்தில் பாதிக்கு மேல பொம்பிளையள். வேல் தூக்கி முன்னுக்கு நடந்ததே எழுபது வயசு தாண்டின ஒரு பெத்தாதான். அதை நான் உனக்குச் சொல்லல்ல.

வேற ஒண்டும் சொல்லல்ல. உகந்தை முருகன் கோவிலில் கும்பிட்டுக் காட்டுக்குள்ள இறங்கி, குமுக்கன் ஆத்தடிக்குப் போனம். ஆடியில் அந்த ஆறு முழங்காலளவுதான் ஓடும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. அந்த முறை மேல எங்கயோ மழை பெஞ்சு தண்ணி கலங்கி வந்தது. பெத்தா ஆத்தைப் பாத்தா, இருங்க சாமி, தண்ணி இறங்கட்டும், கயிறு கட்டி எல்லாரும் ஒண்டாக் கடப்பம் எண்டா. நான் கடல்காரன் எல்லோ. ஆறு அகலமாப் போற இடம் ஆழமில்லாமக் கிடக்கும் எண்டு கணக்குப் போட்டு, பொதியைத் தலையில் வச்சுக்கொண்டு கீழால தனிய இறங்கினன். பத்தடி போகக்குள்ள காலுக்குக் கீழ மணல் கழண்டது. தண்ணி நெஞ்சுக்கு வந்தது. பொதி போச்சு. அரிசி, பருப்பு, மாத்து வேட்டி, உன்ட அம்மா கட்டித் தந்த இஞ்சி மிட்டாய், எல்லாம் குமணக் கடலுக்கு. முதலை இருக்கிற ஆறு அது. ரெண்டு பொடியன்மார் கம்பை நீட்டி இழுத்தெடுத்தாங்க.

பெத்தா ஏசல்ல. ஒரு துவாயைத் தந்து, “சாமி, இது உங்கட கடல் இல்ல” எண்டு மட்டும் சொன்னா. மிச்ச நாள் முழுக்க மத்தவங்கட சட்டியில்தான் சாப்பிட்டன். பிறகு வழியில வியாழை எண்ட இடத்தில் வத்தின ஆத்து மணலைத் தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்கக்குள்ள, நானே முன்னுக்குப் போய்க் குந்தித் தோண்டினன், வேற என்னத்தால கடன் தீர்க்கிற?

வீட்டுக்கு வந்து, பொதியைக் கதிர்காமத்தில் தானம் குடுத்திட்டன் எண்டு சொன்னன். உன்ட அம்மா இண்டைக்கும் அதை நம்பிக்கொண்டிருக்கா. இந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டச் சொல்லுவா. அந்தத் துண்டைத் தாண்டித்தான் வாசிப்பன், நீயும் காட்டிக் குடுக்காத.

உன்னைக் கூட்டிக்கொண்டு போற வழிகாட்டிக்கு உன்னை விட வயசு குறைவு எண்டு எழுதியிருந்தாய். இருக்கட்டும். உன்ட பாதையில் வாற ஓவன் முனையைக் கடலோரத்தால சுத்தவேணும் எண்டா தண்ணி 1.8 மீற்றருக்குக் கீழ இறங்கவேணுமாம். அந்தப் பிள்ளை மூண்டு மணித்தியாலம் இருங்க எண்டு சொன்னா இரு. பாறையில் வெடிப்பு வெடிப்பா இருக்கிற இடத்தில் அலை உள்ளுக்குப் பூந்து எத்தும். அகலம் குறைவுதானே, தாவிப் பாப்பம் எண்டு உனக்கு வரும். எனக்கும் அப்பிடித்தான் வந்தது. அட்டவணையில் போட்டிருக்கிற நேரம் கோடைக்கால நேரமா இல்லையா எண்டு முதல் நாளே கேட்டுக்கொள், ஒரு மணித்தியாலம் பிழைச்சாலும் கரை இருக்காது. ஆறு கடக்கக்குள்ள பையின்ட இடுப்புப் பட்டியைக் கழட்டிவிடச் சொல்லுவாங்க. என்ட பொதி தலையில் இருந்தபடியால் அது மட்டும் போச்சு, நான் மிஞ்சினன். உன்ட பை உன்னோட கட்டியிருக்கு.

ஏணியள் ஈரமா இருக்கும். அதை நீ பாத்துக்கொள்வாய், மாமரம் ஏறின ஆள்தானே. நிட்டினாட் துறையில் தோணியால அக்கரைப்படுத்திற டிடிடாட் எண்ட அந்த இடத்துப் பழங்குடி ஆக்கள் அங்கயே நண்டு அவிச்சும் விப்பாங்களாம். விலையைப் பாக்காம வாங்கிச் சாப்பிடு. அது அவங்கட ஊர், அவங்கட கடல். எந்த மாதிரிப் பெருக்கு எந்த மாதிரி வத்தும் எண்டு அவங்களிட்டயும் ரெண்டு கதை கேட்டு எனக்கு எழுது.

இந்த முறை உகந்தைக்கு அம்மாவும் வாறா. காட்டுக்குள்ள இறங்க மாட்டா, கொடியேத்தம் பாத்திட்டுத் திரும்பிருவா. அடுத்த ஆடிக்கு உனக்கு லீவு எடுக்க ஏலுமா எண்டு இப்பவே கேட்டுப் பாரு. வேல் தூக்கிற பெத்தா போன வருசம் மோசம் போயிட்டா. இப்ப அவட மகள்தான் முன்னுக்கு நடக்கிறா. நான் பின்னுக்குத்தான் வருவன்.

மாசிச் சம்பல் ஒரு போத்தல், தம்பின்ட கூட்டாளி ஒருத்தன் டொரண்டோவுக்கு வரக்குள்ள குடுத்தனுப்பியிருக்கு. கொண்டு போறதெண்டால் ரெண்டு பையில் சுத்திக்கொண்டு போ. ராவைக்குக் கூடாரத்துக்குள்ள வைக்காத, சவுக்காரம், பற்பசையோட சேத்து கரடி திறக்காம இருக்க அங்க வச்சிருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டு. கரடிக்கு மாசி மணம் எங்கிருந்தாலும் தெரியும் எண்டு அம்மா சொல்லச் சொன்னா.

அப்பா